ஆண்டறிக்கை: குன்னூர் வட்டாரப் பழைய வாகன ஆர்வலர் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டில் செயற்குழு ஏழு முறை கூடியது. அவற்றுள் இரண்டு கூட்டங்கள் போதிய உறுப்பினர் வராமையால் தேநீரோடு கலைந்தன. கோடைப் பருவத்தில் சிம்ஸ் பூங்கா அருகே ஒன்பது வண்டிகளைக் காட்சிக்கு நிறுத்தினோம். கோத்தகிரி வழியாகக் கோடநாடு காட்சிமுனைக்கு ஒரு பயணம் சென்றோம்; கட்டபெட்டில் நின்றுபோன வண்டியைத் தவிர மற்றவை போய்ச் சேர்ந்தன.

சங்கத்தின் முதல் தலைவராக இருந்து மறைந்த தோட்ட உரிமையாளரின் குடும்பத்தார் நமக்கு அளித்த 1964ஆம் ஆண்டு எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் உட்புறத்தை, அது இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையிலிருந்து வெளிவந்த நிலைக்கே கொண்டுவர வேண்டும் என்று முந்தைய பொதுக்குழு தீர்மானித்தது. அன்று கையுயர்த்தியவர்களுள் பலரே பின்னர், கோவையில் ஒரு குஷன் கடையில் விட்டிருந்தால் மூன்று நாளில் முடிந்திருக்குமே, பதினான்கு மாதம் எதற்கு என்று கேட்டதால், விளக்கத்தைப் பதிவு செய்வது என் கடமையாகிறது.

வண்டி நம் கைக்கு வந்தபோது இருக்கைகள் மேல் பழுப்பு ரெக்சினும் உள்ளே தேங்காய் நாருமாக இருந்தன. டேஷ்போர்டில் தேக்கு நிற மைக்கா ஒட்டப்பட்டிருந்தது. தரையில் பூஞ்சணம் பிடித்த கம்பளம் கிடந்தது. எது ஆலையில் போட்டது, எது பிற்பாடு வந்தது என்று அறிய, தயாரிப்புப் பதிவேடுகளைப் பாதுகாத்துவரும் கேடன் ஊர் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்கு எழுதிச் சான்றிதழ் பெற்றோம். வெளி நிறம் ஓல்டு இங்கிலிஷ் ஒயிட், உள் நிறம் கறுப்பு என்று அதில் கண்டிருந்தது. இருக்கை ஓரத் தையலில் வைத்துத் தைக்கும் மெல்லிய விளிம்புப் பட்டையான பைப்பிங்கின் நிறத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. பிறகு ஓட்டுநர் இருக்கைச் சட்டத்தின் அடியில், ஒரு கிளிப்பில் சிக்கிய விரல் நீளப் பைப்பிங் துணுக்கு கிடைத்தது. பார்வைக்கு அது வெண்ணெய் நிறம். மூன்று பேர் அதைக் கிரீம் என்று சாதிக்கவே, தையற்காரரும் கிரீம் பைப்பிங் ஒரு சுருள் வாங்கிவிட்டார். தையலுக்குள் மடிந்து வெயிலே படாதிருந்த பகுதியைப் பிளேடால் கீறிப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே பளிச்சென்ற வெள்ளை. அந்தக் கிரீம் சுருள் இன்னும் சங்கக் கொட்டகையில் இருக்கிறது. வேண்டியவர்கள் அடக்க விலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இருக்கையின் பின்புறத்திலும் பக்கங்களிலும் ரெக்சினைப் போட்டுவிட்டு முழுத் தோலுக்கும் செயலாளர் கணக்கு எழுதிவிட்டார் என்றொரு பேச்சு என் காதுக்கும் வந்தது. உடம்பு படும் இடத்துக்கு மட்டும் தோல், மற்ற இடங்களுக்குத் தோல்போன்ற செயற்கைத் துணி என்பதுதான் ஆலையின் வழக்கம். ஆம்பூரிலிருந்து வந்த தோலை அளந்து, அந்த அளவுக்கே வெட்டினோம். கம்பளம் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: ஆரம்பகால எம்ஜிபியில் கால் வைக்கும் இடத்துக்கு வரிவரியான ரப்பர் பாய்தான் போட்டார்கள். நம் ஊர் ஈரத்துக்கு அதுவே ஏற்றது என்பது என் சொந்தக் கருத்து.

அதிகக் காலத்தை விழுங்கியது டேஷ்போர்டு. மைக்காவைச் சுரண்டி எடுத்தபின், கீழே இருந்த தகட்டுக்குச் சுருக்கம் விழும் கறுப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. மேல்தோல் உள்பூச்சுக்கு முன்பே காய்ந்து இழுபடுவதால்தான் அந்தச் சுருக்கம் விழுகிறது. அதற்குச் சீரான சூடு வேண்டும். கார்த்திகை மாத மூடுபனியில் இருமுறை அடித்தும் ஒரு மூலை முதலைத்தோலாகவும் மறுமூலை கண்ணாடியாகவும் நின்றது. வர்க்கி சுடும் அடுப்பில் வைத்தால் என்ன என்று ஓர் உறுப்பினர் யோசனை சொன்னார். அந்தப் பேக்கரியின் அன்றாட வாடிக்கையாளன் என்ற முறையில் நான் இசையவில்லை. சித்திரை வெயிலில் தகட்டை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி, ஒரு தகரக் கொட்டகையில் நடுப்பகலில் அடித்தோம்; அரைமணி நேரத்துக்குள் ஒரே சீராகச் சுருக்கம் விழுந்தது. இறக்கவும் ஏற்றவும் வண்டி தருவதாகச் சொல்லியிருந்த இருவர் அன்று தொலைபேசியை எடுக்காததால், அந்தத் தகட்டைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் மலையேறினேன்.

சனிக்கிழமைப் பணிக்குப் பெயர் கொடுத்தவர்கள் பதினொருவர். தொடர்ந்து வந்தவர்கள் மூவர். சந்தாவைப் பொறுத்தவரை 17 உறுப்பினர்கள் இவ்வாண்டுக்கும், அவர்களுள் ஆறு பேர் முந்தைய ஆண்டுக்கும் சேர்த்துப் பாக்கி வைத்திருக்கிறார்கள். பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்கட்டி வந்திருக்கிறது. சிறு துண்டு விழுந்ததை ஒருவர் கைமாற்றாகக் கொடுத்து ஈடுகட்டினார். விவரங்களைப் பொருளாளர் தணிக்கை முடிந்தபின் வைப்பார். கொட்டகை தந்த அன்பருக்கும், தையற்காரருக்கும், தேநீர் வழங்கிய குடும்பத்தாருக்கும் சங்கத்தின் நன்றி.

இனி எஞ்சியிருப்பது ஸ்டியரிங் சக்கரம். பிற்காலத்தில் யாரோ பொருத்திய மரச் சக்கரம்தான் இன்றும் இருக்கிறது. மெல்லிய கம்பிகளை ஆரங்களாகக் கொண்ட, பான்ஜோ என்று சொல்லப்படும் பழைய சக்கரத்தை வாங்கி, விளிம்பின் வெடிப்புகளைச் சரிசெய்ய ஆகும் செலவு, மேற்சொன்ன பாக்கிச் சந்தாவைவிடச் சற்றுக் குறைவுதான் என்பதைத் தகவலுக்காக மட்டும் தெரிவிக்கிறேன்.

அடுத்த ஆண்டுச் செயலாளர் பொறுப்புக்கு நான் போட்டியிடுவதாக இல்லை. முன்வருபவரிடம் கொட்டகைச் சாவி, சான்றிதழ், சந்தாப் பட்டியல், கிரீம் பைப்பிங் சுருள் ஆகிய நான்கையும் இன்றே ஒப்படைக்க ஆயத்தமாக வந்திருக்கிறேன்.

இவண்,
செயலாளர்