கல் மதிலும் கண்மறைவு கிரீனும் குறையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்காட்லாந்து கோல்ஃப் பயணக் கட்டுரை செயின்ட் ஆண்ட்ரூஸ், கார்னூஸ்டி, டர்ன்பெர்ரி என்ற மூன்றோடு முடிந்துவிட்டது. பணமும் முன்பதிவும் கிடைத்தவர்கள் அங்கெல்லாம் தாராளமாகப் போகட்டும். ஆனால் மற்ற மைதானங்களை, 'நடுவே கல் மதில், எதிரே கிரீன் (குழியும் கொடியும் உள்ள புல்தளம்) தெரியாத மேடு, இவை ஆபத்தான, பழைய காலத்துக் குறைகள்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டதை ஏற்க முடியவில்லை. அந்த மதிலையும் மேட்டையும் எடுத்துவிட்டால் அங்கே ஆட என்ன மிச்சம் இருக்கும்?

இந்த ஹோல்கள் (டீ என்ற தொடக்க இடத்திலிருந்து குழி வரையிலான ஆட்டப் பகுதிகள்) உருவான காலத்தில் மண்ணள்ளும் இயந்திரம் கிடையாது. கடற்கரைக்கும் வயலுக்கும் இடையில், உழவுக்கு உதவாமல் கிடந்த மணல்மேட்டு நிலம்தான் லிங்க்ஸ். மேடு இருந்த இடத்தில் மேட்டைத் தாண்டி அடித்தார்கள், பள்ளம் இருந்த இடத்தில் கிரீன் வைத்தார்கள், யாரோ கட்டிய மதில் குறுக்கே வந்தால் அதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அடியில் மணல், மேலே மெல்லிய ஃபெஸ்க்யூ புல். மழை நின்ற சில மணி நேரத்தில் தரை இறுகிவிடும். இங்கே பந்து எங்கே விழுகிறது என்பது பாதிக் கணக்குதான். விழுந்த பிறகு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது மீதிப் பாதி.

இதற்கு நார்த் பெர்விக்கின் வெஸ்ட் லிங்க்ஸைவிட நல்ல பாடசாலை இல்லை. எடின்பரோ வேவர்லி நிலையத்தில் ரயில் ஏறினால் அரை மணிக்குச் சற்று மேல். இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போய்விடலாம். அங்கே 15-வது ஹோலின் பெயர் ரெடான். கிரிமியப் போரில், 1855-இல், செவஸ்தபோலில் பிரிட்டிஷ் படை முட்டிமோதியும் பிடிக்க முடியாமல் போன ரஷ்யக் கோட்டை முனையின் பெயர் அது. பெயர் வைத்தவர் அந்த ஹோலை நன்றாகவே ஆடிப் பார்த்திருக்க வேண்டும்.

பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய ஹோல்), பின் டீயிலிருந்து சுமார் 190 யார்டு. கிரீன் நம்மை நேராகப் பார்த்துக் கிடப்பதில்லை. வலது முன்பக்கத்தில் தொடங்கி இடது பின்பக்கம் நோக்கிக் குறுக்காகக் கிடக்கிறது. தரையும் அதே திசையில், நம்மைவிட்டு விலகிச் சரிகிறது. இடது முன்புறத்தில் ஆழமான பங்கர் (மணற்குழி). டீயில் நின்றால் கொடி தெரியும், கொடி நிற்கும் தரை தெரியாது. வழக்கம்போலக் கொடியைப் பார்த்து அடித்தீர்களோ, கொஞ்சம் குறைந்தால் பங்கருக்குள். சரியாக எட்டினாலும் பந்து இறங்குவதே இறக்கத்தில் என்பதால் நிற்காமல் பின்னால் ஓடிவிடும்.

சரியான அடி கொடிக்கு வலப்புறம் போகிறது. கிரீனின் வலது முன்தோளில் பந்து இறங்க வேண்டும். மிச்ச வேலையைச் சரிவு பார்த்துக்கொள்ளும். பந்து மெதுவாக இடப்பக்கம் திரும்பி, பங்கரின் பின்புறமாகச் சுற்றிக் கொடி நோக்கி உருண்டு போகும். வலது கை ஆட்டக்காரருக்கு லேசான டிரா (வலமிருந்து இடமாக வளையும் அடி) இருந்தால் இன்னும் சுகம். கிளப் (மட்டை) எடுக்கும்போது கொடி வரைக்குமான தூரத்தை எண்ணக் கூடாது. கொடி 185-இல் இருந்தால் 165, 170 யார்டில் தரை தொடும் கிளப்பே போதும். பின்காற்று இருந்தால் இன்னும் ஒன்று குறைத்துக்கொள்ள வேண்டும். பயந்துகொண்டு அளவுக்கு மீறி வலப்பக்கம் ஒதுங்கினாலும் தப்ப முடியாது. அங்கிருந்து சிப் செய்தால் (சிறு தூரத்துக்குத் தட்டினால்) கிரீன் முழுக்க உங்களைவிட்டு விலகிச் சரியும். பந்தை நிறுத்துவதற்குப் பிடிமானமே இருக்காது.

அமெரிக்காவில் மைதான வடிவமைப்பாளர் சி. பி. மெக்டொனால்ட் தம்முடைய நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸில் 4-வது ஹோலாக இதன் பிரதியை வைத்தார். அதற்குப் பிறகு உலகமெங்கும் மைதானம் வடிவமைப்பவர்களுக்கு 'ரெடான்' என்பது தனி ஹோலின் பெயராக இல்லாமல் ஒரு வகையின் பெயராகவே ஆகிவிட்டது. குறை என்று ஒதுக்கப்பட்டதைத்தான் இத்தனை பேர் நகலெடுக்கிறார்கள்.

அதே மைதானத்தில் 13-வது ஹோல், 'பிட்'. கட்டுரையாளர் சொன்ன கல் மதில் இதுவாகத்தான் இருக்கும். மதிலுக்கும் மணல்மேட்டுக்கும் நடுவே பள்ளத்தில் கிரீன். இரண்டாவது அடி மதிலைத் தாண்டியாக வேண்டும். டீயிலிருந்து அடிக்கும் டிரைவை முடிந்தவரை முன்னே தள்ளிவிட்டு 40, 50 யார்டில் அரைகுறை ஸ்விங்கோடு நிற்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள். இறுகிய தரையில் அரை ஸ்விங்கில் வெட்ஜின் (பந்தை உயர எழுப்பும் கிளப்) அடிப்பாகம் தரையில் பட்டு எகிறும். பந்தின் நடுவில் இடித்து மதிலில் போய் மோதும். முழு ஸ்விங் வெட்ஜுக்கான தூரத்தை மிச்சம் வைத்துக்கொண்டு அடித்தால் பந்து உயர்ந்து செங்குத்தாக இறங்கும். மதிலை ஒட்டிப் பந்து நின்றுவிட்டால் அழுது பயனில்லை. பக்கவாட்டில் தட்டி வெளியே எடுக்கலாம். அல்லது ஆட முடியாத பந்து என்று அறிவித்து, ஒரு அடி அபராதத்தோடு, ஹோலுக்கு அருகில் போகாமல் இரண்டு கிளப் நீளத்துக்குள் டிராப் செய்யலாம் (பந்தைக் கையிலிருந்து விட்டு ஆடலாம்). மதில் மைதானத்தின் அங்கம் என்று உள்ளூர் விதி சொல்லும் இடத்தில் அபராதமில்லாமல் பந்தை நகர்த்தும் சலுகை கிடையாது. ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தை முதல் டீயிலேயே படித்துவிடுவது நல்லது.

அடுத்து, கிரீன் தெரியாத மேடுகள். இவற்றை ஆபத்து என்று கட்டுரை சொல்கிறது. ஆபத்தைத் தவிர்க்க அந்தந்த ஊர்க்காரர்கள் செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகளைக் கவனித்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். ஃபைஃப் கடற்கரையில் எலி என்ற ஊர் (நம் எலியோடு சம்பந்தமில்லை). முதல் டீக்கு எதிரே மேடு, அதற்கப்பால் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டரின் குடிலில் 'எக்ஸ்காலிபர்' என்ற நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பை நட்டு வைத்திருக்கிறார்கள். அவர் அதில் கண் வைத்துப் பார்த்து, முன்னால் போனவர்கள் விலகிவிட்டார்கள் என்று உறுதியான பிறகே 'போகலாம்' என்பார். பிரிட்டிஷ் ஓபனை ஐந்து முறை வென்ற ஜேம்ஸ் பிரெய்ட் பிறந்தது இதை ஒட்டிய எர்ல்ஸ்ஃபெரியில். பதினெட்டில் பதினாறு பார் 4, இரண்டு பார் 3. பார் 5 ஒன்றுகூட இல்லாத மைதானம் அது.

பிரெஸ்ட்விக்கில் 17-வது ஹோல் 'ஆல்ப்ஸ்'. இரண்டாவது அடியை மலை போன்ற மணல்மேட்டுக்கு மேல் அனுப்ப வேண்டும். மறுபக்கத்தில் கிரீனுக்கு முன்னால் 'சஹாரா' என்ற பெரிய பங்கர் காத்திருக்கும். கிரீனை விட்டுப் போகும்போது மணி அடித்துவிட்டுப் போவது ஆட்டக்காரர் கடமை. பின்னால் வருபவர்களுக்கு அதுதான் பச்சை விளக்கு. 1860-இல் முதல் ஓபன் இந்த மைதானத்தில்தான் நடந்தது. அப்போதும் இந்த ஆல்ப்ஸ் இருந்தது.

அபர்டீன்ஷயரின் குரூடன் பே இன்னும் ஒரு படி மேல். 14-வதில் கிரீன் குளியல் தொட்டிபோலக் குழிந்து கிடக்கும். அடிக்கும் இடத்திலிருந்து அது கண்ணில் படாது. விளிம்புக்கு முன்னால் இறங்கும் பந்து தானாகவே உள்ளே உருளும், நேரே கிரீனில் இறக்க முயன்றால்தான் பின்னால் போய்விடும். அடுத்த 15-வதின் பெயர் 'பிளின் டன்ட்', ஸ்காட்ஸ் மொழியில் குருட்டு அடி. சுமார் 240 யார்டு பார் 3. மணல்மேடு மறைப்பதால் டீயிலிருந்து கிரீன் தெரியாது. 16-வதும் பாதி மறைவு.

கண்மறைவு அடியில் பெரும்பாலும் தவறுவது தூரம்தான். திசைக்குக் கம்பம் நட்டிருப்பார்கள். மேட்டைப் பார்த்ததும் மனம் பதறி, கை தானாக வேகம் கூட்டிவிடுகிறது. மேட்டின் உயரம் கிளப் தேர்வை மாற்றாது, மேட்டுக்கு அப்பால் உள்ள தரையின் மட்டம்தான் மாற்றும். அந்தக் கம்பம் காட்டுவது பெரும்பாலும் ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் இடையிலான வெட்டிய புல்பாதை) நடுவை. பக்கக் காற்று இருந்தால் கம்பத்தைவிட்டுத் தள்ளிக் குறிவைப்பது உங்கள் பொறுப்பு. இன்னொன்று, 2019 முதல் பந்தைத் தேட மூன்று நிமிடம்தான், முன்பு ஐந்து. பந்து போன இடம் சந்தேகமாக இருந்தால் தேடப் புறப்படுவதற்கு முன்பே 'புரொவிஷனல்' (தற்காலிகப் பந்து) என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லி இரண்டாவது பந்தை அடித்துவிட வேண்டும். 'இன்னொன்று அடிக்கிறேன்' என்று மட்டும் சொன்னால் முதல் பந்து தொலைந்ததாகவே கணக்கு.

மேற்குக் கடற்கரையில், கிளாஸ்கோவிலிருந்து காரில் மூன்றரை மணி நேரம் ஓட்டினால் கின்டயர் தீபகற்பத்தின் கோடியில் மக்ரிஹானிஷ். போகும் வழியே ஒரு பயணம். அங்கே முதல் டீ கடற்கரை ஓரத்திலேயே இருக்கிறது. சுமார் 430 யார்டு பார் 4. இடப்பக்கம் முழுக்க வளைகுடா, ஃபேர்வே கடற்கரையை ஒட்டி வளைந்து போகிறது. எவ்வளவு இடப்பக்கம் குறிவைக்கிறீர்களோ அவ்வளவு தூரம் பந்து கடற்கரையைத் தாண்ட வேண்டும். தாண்டினால் இரண்டாவது அடி அவ்வளவு குறையும். பயந்து வலப்பக்கம் போனவருக்குக் கிரீன் எட்டாத தூரம். பலரும் எழுத மறந்துவிடும் சமாச்சாரம், காற்று. கடலிலிருந்து காற்று வீசினால் அது இடப்பக்கமிருந்து வரும். கடலின் மேல் கிளம்பிய பந்தைக் காற்றே ஃபேர்வேக்குத் திருப்பிக்கொண்டு வந்து சேர்க்கும். கண்ணுக்குத் தெரியும் கடலைவிடக் காற்றை நம்புவதுதான் கஷ்டம். கடற்கரை மணல் ஆட்டத்துக்குள்தான். நீரில் விழாத பந்தை அப்படியே ஆடலாம். முதல் டீ மேலே இருக்கிறது, தள்ளி நடங்கள் என்று கடற்கரையில் நடப்பவர்களுக்கு அறிவிப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள்.

ஆன்ஸ்ட்ரதர் ஒன்பது ஹோல் மைதானம்தான். 5-வது 'ராக்கீஸ்' பார் 3, 235 யார்டு, ஒரு பக்கம் பாறையும் கடலும். அதை எழுதப்படாத பார் 4 என்று வைத்துக்கொண்டு முன்னால் நிறுத்தி, சிப் செய்து, ஒரே புட்டில் (குழிக்குள் உருட்டும் அடி) முடிக்கப் பார்ப்பவர் நல்ல மனநிலையோடு 6-வதுக்குப் போவார். அரன் தீவின் ஷிஸ்கினில் பன்னிரண்டு ஹோல்கள். இது பலருக்கு அதிசயம், ஆனால் முதல் ஓபன் நடந்தபோது பிரெஸ்ட்விக்கிலும் பன்னிரண்டுதான். ஒரே நாளில் மூன்று சுற்று ஆடி 36 கணக்கு முடித்தார்கள். ஷிஸ்கினின் 3-வது, 'குரோஸ் நெஸ்ட்', 130 யார்டுகூட வராது. ஆனால் மேலே, பாறைச் சரிவின் படியில் கிரீன், கண்ணுக்குத் தெரியாது. பிரோராவில் ஆடும் மாடும் ஃபேர்வேயில் மேயும், கிரீனுக்குள் நுழையாதபடி மின்வேலி. கம்பியைத் தாண்டும்போது உலோகக் கிளப்பை ஊன்றிக்கொள்ளாமல் இருப்பது உத்தமம்.

எந்த மைதானமானாலும் பையில் 60 டிகிரி வெட்ஜ் கிடந்து தூங்கட்டும். கிரீனுக்கு வெளியே 30 யார்டு வரை புட்டர், அதற்கு மேல் 7 அல்லது 8 அயர்னில் (இரும்புத் தலை மட்டை) தாழ்வாகத் தட்டி உருட்டுவது. எதிர்க்காற்றில் பலமாக அடித்தால் சுழற்சி கூடி, பந்து பட்டம்போல எழும்பி அங்கேயே விழும். ஒன்று அல்லது இரண்டு கிளப் கூடுதலாக எடுத்து, பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கி, முக்கால் ஸ்விங்கில் அடிப்பதுதான் எடுபடும்.

ஒரு திருத்தமும் உண்டு. குழியின் விட்டமான நாலேகால் அங்குலம் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்தது என்று கட்டுரை சொல்கிறது. கோல்ஃப் விதிகளை வகுக்கும் அங்குள்ள ஆர் அண்ட் ஏ 1890-களில் அதை விதியாக்கியது, அவ்வளவுதான். அந்த அளவில் குழி வெட்டும் கருவி 1829-லேயே மஸல்பரோவில் இருந்தது. எடின்பரோவுக்குப் பக்கத்தில், குதிரைப் பந்தயப் பாதைக்கு நடுவே இருக்கும் ஒன்பது ஹோல் மைதானம் அது. கிண்டியில் பந்தய மைதானத்துக்குள் ஆடிப் பழகியவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல.

தீவுகள் வரை போக நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஹாரிஸ் தீவின் ஸ்காரிஸ்டாவில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை. மற்ற நாட்களில் கட்டணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு ஆடலாம், நின்று வசூலிக்க ஆள் இருக்க மாட்டார். ஆங்கில கோல்ஃப் வீரர் நிக் ஃபால்டோ கையெழுத்திட்டுப் போட்டுவிட்டுப் போன ஐந்து பவுண்டு நோட்டை அந்தக் கிளப் செலவழிக்கவில்லை, போட்டிப் பரிசாக வைத்துக்கொண்டது. சில்லறை கையோடு கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்