தாத்தாவின் துப்பாக்கியைத் துடைக்காதே

அன்புள்ள செல்விக்கு,

உப்புத்தாளும் பாலிஷும் வாங்கி வைத்திருப்பதாக நேற்று தொலைபேசியில் சொன்னாயே, அப்போதிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இந்தக் கடிதம் வந்து சேரும்வரை தாத்தாவின் அந்த இரட்டைக்குழல் துப்பாக்கியின் மேல் ஒரு துணிகூடப் படவேண்டாம். குழல் மீதிருக்கும் பழுப்பை நீ அழுக்கு என்கிறாய். அது செய்தவனே ஏற்றிய நிறம். அதனடியில் அலை அலையாக ஒரு கோலம் தெரியும், பார். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய டமாஸ்கஸ் குழல் அது. உப்புத்தாளை ஓட்டினால் கோலம் மங்கும், முத்திரைகளும் மழுங்கும். வாங்க வருகிறவன் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.

உரிமம் உன் பெயருக்கு மாறிவிட்டது என்றாய், நல்லது. எடுக்கும்போதெல்லாம் முதலில் நெம்புகோலைத் தள்ளிக் குழலைத் திறந்து, இரண்டு துளைகளும் காலியா என்று பார். நேற்றுப் பார்த்தேனே என்ற பேச்சு இதில் செல்லாது. பிறகு குழல்களுக்கு அடியில் கைபிடிக்கும் முன்கட்டையைக் கழற்றினால் குழல்கள் தனியே கையில் வரும். திருப்பிப் பிடித்தால், தோட்டா போடும் பக்கத்தின் அடிப்பரப்பில்தான் துப்பாக்கியின் ஜாதகம் இருக்கிறது.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் பேர்பெற்ற கடை ஒன்று ஓர் இளவரசருக்காகச் செய்த துப்பாக்கி இது என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறாய். இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் மேல்பட்டையில் ஆங்கிலப் பெயரும் இருக்கிறது. என் முப்பதாவது வயதில் ஒரு நாள், அவர் வெளியே போயிருந்தபோது குழலைக் கழற்றிப் பார்த்தேன். 1813 முதல் இங்கிலாந்துக் குழல் எதுவானாலும் லண்டனிலோ பர்மிங்காமிலோ சோதனை வெடி வெடித்து முத்திரை வாங்கியிருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. இருந்தது ஒரு முட்டை வடிவ வளையம். அதற்குள் ஈ, எல், ஜி என்று மூன்று எழுத்துகள், கீழே ஒரு நட்சத்திரம். பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச் சாலையின் முத்திரை அது. அந்த ஊரில் ஆங்கிலச் சாயலில் பெயர் வெட்டி ஏற்றுமதி செய்வது அன்று சகஜம். புகழ்பெற்ற பெயரில் ஓரெழுத்து மட்டும் பிசகியிருக்கும்.

வளையத்தின் தலையில் கிரீடம் இல்லை. அது 1893-இல்தான் சேர்ந்தது. ஆகவே துப்பாக்கி அதற்கு முந்தியது. இது தோட்டாவின் அடிப்பக்க நடுவில் அடித்து வெடிக்கவைக்கும் வகை. அவ்வகை 1860-களில்தான் பரவலானது என்பதால், அதற்கு வெகுகாலம் முந்தியதாகவும் இருக்க முடியாது. கிரீடம் இல்லாததே நமக்கு வயதைச் சொல்லிவிட்டது!

அடியில் 18.2 என்று ஓர் எண் பார்த்த நினைவு. அது மில்லிமீட்டரில் குழலின் உள்விட்டம். பன்னிரண்டாம் அளவு என்கிறார்களே, ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு சம உருண்டைகள் வார்த்தால் ஒன்றின் விட்டம் என்னவோ அதுதான், ஏறக்குறைய 18.5. தெரிந்த துப்பாக்கித் தச்சரிடம் உள்விட்டத்தை அளக்கச் சொல். வெட்டிய எண்ணைவிடக் கூடுதலாகக் காட்டினால், துருவை எடுக்க யாரோ உள்ளே சுரண்டியிருக்கிறார்கள், சுவர் மெலிந்திருக்கிறது என்று பொருள். விலையும் அதற்கேற்ப இறங்கும்.

சுட்டுப் பார்க்கலாமா என்று உன் கணவர் கேட்டாராம். கூடாது. அந்தக் குழல்கள் கருமருந்து என்ற பழைய வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்டவை, இன்றைய மருந்துக்கு அல்ல. போதாததற்கு, தோட்டா உட்காரும் அக்காலத்து அறைகளின் நீளம் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டா 70. நுனி மடிந்திருப்பதால் அது தடையில்லாமல் உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

விலைக்கு வருகிறேன். பெரிதாக எதிர்பார்க்காதே. லியேஜில் இவ்வகை, வெளியே சுத்தியல்போலத் தெரியும் குதிரை வைத்த இரட்டைக் குழல்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. கட்டையில் வெடிப்பு இல்லாமலும், திருகுகளின் தலை சிதையாமலும், குழலில் நசுங்கல் இல்லாமலும் இருந்தால் கொஞ்சம் மதிப்பு. விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து மயங்காதே, ஏலத்தில் உண்மையில் போன விலையைத் தேடு. மதிப்பிடுகிறவரே வாங்குகிறவராகவும் இருந்தால் எழுந்து வந்துவிடு. காப்பீட்டுக்கு எழுதித் தரும் தொகை விற்கும் விலையல்ல, பொதுவாக அது கூடுதலாகவே இருக்கும்.

தாத்தாவிடம் கடைசிவரை நான் இதைச் சொல்லவில்லை. உன் கல்யாணத்தில்கூட அவர் இளவரசர் கதையைச் சொன்னார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். விற்பதும் வைத்துக்கொள்வதும் உன் விருப்பம். விற்றால் அந்தக் கதையைச் சேர்த்து விற்காதே.

முத்திரைக்குப் பக்கத்தில் இரண்டு சிற்றெழுத்துகளும் இருந்தன, குழல் செய்தவனின் பெயரெழுத்துகளாக இருக்கலாம். தாத்தாவின் செருப்புச் சத்தம் கேட்டதால் அவசரமாகப் பூட்டிவிட்டேன், படிக்க முடியவில்லை. விளக்கை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்துப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா