எட்டு ஆண்டுகளைக் கடந்த மைனிக்கு

அன்புள்ள மைனிக்கு,

எட்டாம் ஆண்டுப் பரிசோதனையிலும் சினைப்பைப் புற்றுநோயின் தடயம் எதுவும் இல்லை, அந்த நோயைக் கண்காணிக்க இரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 125 என்ற புரதத்தின் அளவு 35 என்ற வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகைதான். பெயரும் ஊரும் குறிப்பிடாமல் எழுதிக்கொள் என்று நீங்கள் தந்த அனுமதியின் பேரில் இந்தக் கடிதத்தைப் பொதுவில் எழுதுகிறேன். இதே நோயோடு இன்று ஏதோ ஒரு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியும் அவளுடைய வீட்டாரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சினைப்பையில் தொடங்கிய புற்றுநோய் வயிற்றின் உள்சவ்வு வரை பரவி, நீர் கோத்து, மூன்றாம் நிலையை அடைந்த பிறகுதான் நமக்குத் தெரியவந்தது. அந்த நிலையில் கண்டறியப்படும் பெண்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையால் நோய் அடங்கினாலும், அடுத்த சில ஆண்டுகளுக்குள் அது திரும்பி வந்துவிடுகிறது. அதை அறிந்திருந்த காரணத்தால்தான், ஒவ்வொரு மூன்று மாதப் பரிசோதனைக்கும் முந்தைய இரவு நம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கியதில்லை. 'கண் பட்டுவிடும், வெளியே சொல்லாதே' என்று பெரியம்மா இப்போதும் சொல்கிறார்கள். அவர்களுடைய பயம் பாசத்தில் பிறந்தது என்பதை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்த நலத்தை ஊரறியக் கொண்டாடியே தீர வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

சொல்லாமல் மறைத்ததால் நாம் இழந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு அகப்பைக் கஞ்சி குடித்தாலே வயிறு நிறைந்துவிட்டது. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது. சேலைக் கட்டு நாளுக்கு நாள் இறுகியது. அண்டியாபீசில், அந்த முந்திரித் தொழிற்சாலையில், உடன் வேலை செய்தவர்கள் 'மாசமா இருக்கியா?' என்று கேட்டுச் சிரித்தபோது நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தீர்கள். பார்த்த இடங்களிலெல்லாம் வாயுத் தொல்லை என்று மாத்திரை தந்தார்கள்; வீட்டில் நாங்கள் கஷாயம் போட்டுத் தந்தோம். நெய்யூரில் 1838-ஆம் ஆண்டிலேயே மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய நம் குமரி மாவட்டம் இது. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவமனைக்குப் பஞ்சமில்லாத இந்த மண்ணில், வயிற்று உப்புசத்தை ஒரு நோயாக மதித்து ஸ்கேன் எடுக்கச் செல்லும் துணிச்சல்தான் பெண்களுக்கு வாய்ப்பதில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எடுக்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையில் இந்த நோய் தெரியாது. அறிகுறி ஏதும் இல்லாத பெண்களிடம் இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பகமான பரிசோதனையும் இன்றுவரை இல்லை. அதனால் வாரக்கணக்கில் நீடிக்கும் உப்புசத்தை எந்தப் பெண்ணும் தனக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது.

இரணியலில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் சென்றுவந்த அந்த மாதங்களைப் பற்றி நீங்கள் அதிகம் பேசுவதில்லை. 21 நாளைக்கு ஒருமுறையாக மூன்று கீமோ, பிறகு கருப்பை, சினைப்பைகள், குடல் மேல் படர்ந்திருக்கும் கொழுப்புச் சவ்வு எல்லாவற்றையும் அகற்றிய நீண்ட அறுவைச் சிகிச்சை, பிறகு மேலும் மூன்று கீமோ. உங்களுக்கு ஏற்றிய மருந்துகள் கார்போபிளாட்டினும் பாக்லிடாக்சலும். பாக்லிடாக்சல் முதலில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்றும், 1992-இல் அமெரிக்காவில் அதற்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது சினைப்பைப் புற்றுநோய்க்குத்தான் என்றும் பின்னர் படித்தேன். ஆயுள் முழுவதும் ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்த நம் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, அவர் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, 'அந்த மரம் நல்லா இருக்கட்டும்' என்றார்.

தலைமுடி திரும்ப வந்துவிட்டது. கீமோவால் வந்த விரல் நுனிகளின் மரமரப்பு மட்டும் நெடுநாள் போகவில்லை. மீண்டும் வேலைக்குச் செல்லும் முன் பழகிப் பார்க்கிறேன் என்று, வறுத்த அண்டிப்பருப்பை மடியில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து தொலி உரித்தீர்கள். கத்தி முனை தொலியில் நிற்கிறதா, பருப்பில் இறங்குகிறதா என்பதை விரல் உணராததால், ஒவ்வொரு பருப்பையும் கண்ணருகே உயர்த்திப் பார்த்துப் பார்த்து உரித்தீர்கள். முன்பு பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே, முறம் முறமாக உரித்துத் தள்ளியவர் நீங்கள். அன்று உடையாமல் உரித்த முழுப்பருப்புகளைத் தனியே ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்து, மாலையில் அண்ணனிடம் காட்டினீர்கள். மருத்துவர்கள் நோயை அடக்கினார்கள் என்பது உண்மை. அதற்குப் பிறகான வாழ்க்கையை நீங்களே ஒவ்வொரு பருப்பாக மீட்டீர்கள் என்பதும் அதே அளவு உண்மை.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நன்றித் திருப்பலி எதற்காக என்று கோவிலில் எழுதிக் கொடுக்கும் கருத்துச் சீட்டில் 'உடல்நலம் பெற்றதற்காக' என்று மட்டும் எழுதினால் போதும், மூத்தவளுக்கு வரன் பார்க்கும் நேரம் என்று நீங்கள் அண்ணனிடம் சொன்னதாக அறிந்தேன். அதே காரணத்துக்காகவே மருத்துவர் சொன்ன மரபணுப் பரிசோதனையையும் தள்ளிப் போடுகிறீர்கள். மைனி, சினைப்பைப் புற்றுநோயில் ஒரு பகுதி பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுக்களில் ஏற்படும் மாற்றத்தால் வருவது. அந்த மாற்றம் தாயிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனானாலும் மகளானாலும், பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. முதலில் உங்கள் இரத்தத்தைச் சோதித்தால் போதும். மாற்றம் இல்லையென்றால் பிள்ளைகளின் மனத்திலிருந்து பெரும் பாரம் இறங்கும். இருந்தால், அவர்கள் விரும்பினால் தங்களையும் சோதித்துக்கொண்டு, இதே மாற்றத்தால் மார்பகப் புற்றுநோயும் வரக்கூடும் என்பதால் மார்பகத்தை முறையாகக் கண்காணிக்கலாம், பிள்ளை பெற்று முடித்த பிறகு சினைப்பைகளை அகற்றிக்கொள்வது பற்றி முடிவெடுக்கலாம். எட்டு ஆண்டுகளுக்கு முன் உங்களுக்குக் கிடைக்காத அந்த அவகாசம் மூத்தவளுக்குக் கிடைக்கும். தாய்க்கு வந்த நோயைக் கேட்டுப் பின்வாங்கும் வீட்டுக்கு நம் பிள்ளையைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. அண்ணனுக்கும் சம்மதமில்லை, கேட்டுவிட்டேன்.

ஆகவே அந்தச் சீட்டில் 'சினைப்பைப் புற்றுநோயிலிருந்து காத்து எட்டு ஆண்டுகள் தந்ததற்கு நன்றியாக' என்று எழுத அனுமதி தாருங்கள். பங்குத்தந்தை அதைப் பீடத்தில் வாசிக்கும்போது, வயிற்று உப்புசத்தை யாரிடமும் சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணாவது உங்களைத் திரும்பிப் பார்ப்பாள். திருப்பலி முடிந்ததும் உங்களிடம் வந்து பேசுவாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை என்னிடம் விட்டுவிடுங்கள். மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் கறியும் நான் செய்கிறேன். அன்று நீங்கள் அடுப்படிக்கு வரக் கூடாது. மரபணு ஆலோசனைக்கு நாள் குறித்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், காலை ரயிலுக்கு நானும் இரணியலுக்கு வந்துவிடுகிறேன்.

என்றும் உங்கள் அன்பு நாத்தனார்