பூட்டிய கணினி அறையைத் திறக்கக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் (பெற்றோர்), மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: கணினி அறையைத் திறந்து, இணையத்தில் நடந்துகொள்ளும் முறையும் தொடக்க நிலை நிரல் எழுதவும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

முதல் இரண்டு மனுக்களையும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தேன். ஒன்று நடவு நேரம், ஒன்று அறுப்பு நேரம். இரண்டு முறையும் கூலியை விட்டுவிட்டுத்தான் வந்தேன். "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று போனில் மெசேஜ் வந்தது. அதோடு சரி. எங்கள் பள்ளியைத் தாங்கள் அறிவீர்கள். அழகர்கோவில் சாலையில் கம்மாய்க்கரை தாண்டியதும் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே.

1. யூபிஎஸ் பேட்டரி போனதால் ஆடி மாதம் முதல் கணினி அறை பூட்டிக் கிடக்கிறது.

2. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 23ஆவது பாடத்தில் ஸ்க்ராட்ச் என்ற நிரல் எழுதும் மென்பொருள் வருகிறது. வண்ணக் கட்டைகளை இழுத்துப் பொருத்தினால் திரையில் பூனை நடக்கும். என் மகள் அந்தப் பூனையை ரஃப் நோட்டில் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறாள். ஸ்ப்ரைட் (திரையில் நகரும் உருவம்) என்றால் என்ன என்று கேட்டால் ஒரு மதிப்பெண் விடையைக் கடகடவென ஒப்பிக்கிறாள். பூனை நடந்து அவள் பார்த்ததில்லை. அந்த மென்பொருளுக்குக் காசில்லை, ஒருமுறை ஏற்றிவிட்டால் இணையம்கூட வேண்டாம் ஐயா.

3. கணினிதான் பூட்டியிருக்கிறது, போன் பூட்டியில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் முகத்தை வகுப்புப் படத்திலிருந்து வெட்டி, வாட்ஸ்ஆப்பில் ஸ்டிக்கராக்கிப் பரப்பிவிட்டார்கள். அவள் ஒன்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. "படித்தது போதும்" என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். நான்தான் இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசிக் கூட்டிவந்தேன். இப்போதும் யாராவது போனை எடுத்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள். செய்த பையன்கள் கெட்டவர்கள் இல்லை. கேட்டால் "சும்மா விளையாட்டுக்கு" என்கிறார்கள். அடுத்தவர் படத்தைக் கேட்காமல் அனுப்பக்கூடாது என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நாங்களா? எனக்கே எது வந்தாலும் நாலு குரூப்பில் தள்ளிவிடுகிற பழக்கம். அப்புறம், ஓடிபி சொல்லி அப்பாவின் நூறுநாள் வேலைக் கூலியைத் தொலைத்த பையனும் இதே பள்ளிதான். உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும் என்பது எங்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

4. பேட்டரிக்கு ஊரில் வசூல் செய்து தருகிறோம் என்றோம். விதியில் இடமில்லையாம். சாவியையாவது கொடுங்கள் என்றோம். சாவி பதிவேட்டில் இருக்கிறதாம்! பதிவேட்டைக் கொண்டு பூட்டைத் திறக்க முடியுமா ஐயா?

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருள வேண்டும். பேட்டரி மாற்றி, வாரம் இரண்டு பாடவேளையாவது ஒதுக்கி, சொல்லித்தர ஓர் ஆசிரியரை அனுப்புங்கள். என் மகள் மார்ச் தேர்வோடு இந்தப் பள்ளியை விட்டுப் போய்விடுவாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அறையைத் திறந்துவிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பெற்றோர்.

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகள் இரண்டு, பூனை வரைந்த நோட்டுப் பக்கம், ஜெராக்ஸ்.