கடைசி ஐந்து நிமிடம்: மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடம் நடத்தும் பட்டதாரி ஆசிரியை நான். பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடம் குறித்து ஒரு வேண்டுகோள் வைக்கவே இம்மடல்.

மணி அடிக்கும் முன் "புரிந்ததா?" என்று கேட்போம், "புரிந்தது டீச்சர்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். பல ஆண்டுகள் அந்தக் குரலை நம்பியே அடுத்த பாடத்துக்குப் போனேன். சென்ற ஆண்டு ஆறாம் வகுப்பில் பின்னங்களை முடித்த அன்று, கிழித்து வைத்திருந்த நாள்காட்டித் தாள்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா என்று படம் வரைந்து காட்டச் சொன்னேன். 31 பேரில் 12 பேர் நான்கில் ஒரு பங்கே பெரியது என்று எழுதியிருந்தார்கள். பலருக்கு மூன்றைவிட நான்கு பெரிய எண் என்பதே காரணம். ஆனால் ஒரு சிறுமியின் தாளில் இரண்டு தோசைகள் இருந்தன. இரண்டையும் சரியாகவே பங்கிட்டிருந்தாள், நான்காகப் பிரித்த தோசையை மட்டும் மற்றதைப்போல் இரு மடங்காக வரைந்திருந்தாள். முழுமை இரண்டும் ஒரே அளவாக இருந்தால்தான் பங்குகளை ஒப்பிட முடியும் என்று நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது அந்தத் தோசையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மறுநாள் ஒரே அளவான இரண்டு காகிதங்களை மடித்துக் காட்டிப் பாடத்தைத் தொடங்கினேன்.

அதன்பின் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டே வருகிறேன். இன்று வராத தோழிக்கு நான்கு வரியில் பாடத்தை எழுதச் சொல்வேன்; கரும்பலகையில் வேண்டுமென்றே தவறாக ஒரு கணக்கைப் போட்டு, எந்த வரியில் பிசகியது என்று கேட்பேன்; சில நாள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் விடை காட்டுவார்கள். பக்கத்தில் இருப்பவர் விரலைப் பார்க்க முடியாதபோதுதான் உண்மையான விடை வருகிறது.

2012-13இல் முழுமையான தொடர் மதிப்பீடு வந்தபோது பாடம் நடக்கும்போதே செயல்பாடுகளாலும் சிறு தேர்வுகளாலும் மதிப்பிடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டது. கற்கும்போதே கவனித்துத் திருத்தும் நல்ல நோக்கம் அது. ஆனால் ஆசிரியர்களாகிய எங்களில் பலர் கையில் அந்த 40, ஒட்டிய படங்களும் நிரப்பிய பதிவேடுமாகச் சுருங்கிவிட்டது. ஆகவே இந்தத் துண்டுத் தாளுக்கு மதிப்பெண் வேண்டாம், பதிவேடும் செயலிப் பதிவும் வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். மதிப்பெண் உண்டென்று தெரிந்தால் அடுத்த பெஞ்சைப் பார்த்து எழுதுவார்கள். அந்தப் பெரிய தோசை என் கண்ணில் பட்டிருக்கவே செய்யாது.

பாடத்திட்டமிடலில் அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்கி, அதை மறுநாள் பாடத்தின் தொடக்கத்தோடு இணைக்க வழிகாட்டுங்கள். ஒன்றிய அளவிலான பயிற்சிகளில், மாணவர் எழுதிய தாள்களையே வைத்துக்கொண்டு, தவறுக்குப் பின்னுள்ள யோசனை என்ன என்று ஆசிரியர்கள் கூடிப் பேச ஒரு மணி நேரமாவது கொடுங்கள். என் வகுப்புத் தாள்களைக் கட்டி வைத்திருக்கிறேன். பயிற்சிக் கையேடு தயாரிப்போர் கேட்டால், பெயர்களை நீக்கி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கணக்குப் பட்டதாரி ஆசிரியை ஒருவர்