செயலாளரின் ஆண்டறிக்கை: காசியில் ஒரு பகல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது வரலாற்று மன்றத்தின் கடந்த ஆண்டுச் செயற்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் 5 நடந்தன. பொங்கல் விழா வழக்கம்போல் நடைபெற்றது. நூலக அலமாரிக்குக் கண்ணாடி மாற்றப்பட்டது.

கார்த்திகையில் சென்ற காசிப் பயணத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "காசி வரைக்கும் போய் ஒரு பகலை அருங்காட்சியகத்தில் தொலைத்தார்" என்ற பேச்சு என் காதுக்கும் எட்டியது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகமான பாரத கலா பவன் நிகழ்ச்சி நிரலில் முதலிலிருந்தே இருந்தது. ஆவணிக் கூட்டத்தில் நான் அதைப் படித்துக் காட்டியபோது எவரும் மறுக்கவில்லை (வந்திருந்தோர் 7 பேர் என்பது வேறு விஷயம்). கலைப்பொருள் சேகரிப்பாளர் ராய் கிருஷ்ணதாஸ் 1920-இல் தொடங்கி, தாகூரைத் தலைவராகக் கொண்டு வளர்த்து, 1950-இல் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்த சேகரிப்பு அது. இன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கே உள்ளன.

பல்கலைக்கழகத்தின் லங்கா வாயிலில் இறங்கும்போது நாங்கள் 23 பேர். வளாகத்தில் உள்ள விசுவநாதர் கோயில் கண்ணில் பட்டதும் 14 பேர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். சாமி கும்பிட்டதை நான் குறை கூறவில்லை. கும்பிட்ட கையோடு பட்டுச்சேலைக் கடைக்குப் போனதைத்தான் குறிப்பிடுகிறேன்.

உள்ளே வந்த 9 பேரும் குப்தர் காலக் கார்த்திகேயர் சிற்பத்தின் முன் நெடுநேரம் நின்றோம். நம் ஊர்ச் சிற்பங்களில் மயில் பெரும்பாலும் பக்கவாட்டில் நிற்கும். இங்கோ அது நம்மை நேரே பார்க்கிறது. அதன் கழுத்துக்கு இருபுறமும் முருகனின் கால்கள் தொங்க, விரிந்த தோகையே திருவாசியாக அமைந்திருக்கிறது. மூத்த உறுப்பினர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி, "வள்ளி தெய்வானையைக் காணோமே, தம்பி" என்றார். வடக்கே முருகனைப் பெரும்பாலும் பிரம்மச்சாரியாகவே வணங்குகிறார்கள் என்று நான் சொன்னதை அவர் இன்னும் நம்பவில்லை. காசியிலேயே உள்ள ராஜ்காட்டில் கிடைத்த சுடுமண் தலைகளையும், அவற்றின் விதவிதமான கொண்டைகளையும், மலையை ஒற்றைக் கையில் தாங்கும் கோவர்த்தனக் கிருஷ்ணரையும், அஸ்ஸி கட்டத்தில் நாற்பதாண்டுக்கு மேல் வாழ்ந்த சுவிஸ் ஓவியர் ஆலிஸ் போனரின் கூடத்தையும் பார்த்து முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது. சிற்றோவியங்களை அவசரமாகவே பார்க்க நேர்ந்தது. கடைக்குச் சென்றோர் பேருந்தில் காத்திருப்பதாகத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார்கள்.

பயணக் கணக்கில் ஏற்பட்ட சிறு பற்றாக்குறை பொதுநிதியிலிருந்து ஈடுசெய்யப்பட்டது. மற்ற வரவு செலவுகள் ஏறக்குறைய சரியாக உள்ளன. விவரம் வேண்டுவோர் பொருளாளரை அணுகலாம். உறுப்பினர்கள் 41 பேரில் ஆண்டுச் சந்தா செலுத்தியோர் 17 பேர். செலுத்தாதவர்களில் 6 பேர் உறுப்பினர் சலுகைக் கட்டணத்தில் காசிக்கு வந்தவர்கள். பெயர்களைப் படிப்பது முறையாகாது.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கூட்டங்களுக்கு இடம் தந்த திருமண மண்டபத்தாருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை ஏற்க எவரேனும் முன்வந்தால் மனமார ஒப்படைப்பேன். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன். நானே தொடர நேர்ந்தால், விட்டுப்போன சிற்றோவியங்களுக்காகவே மீண்டும் ஒருமுறை காசிக்குச் செல்ல எண்ணம். அதற்கு நிதி வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரசீதுப் புத்தகம் இன்று வாசலருகே, சிற்றுண்டி மேசையின் மேலேயே வைக்கப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
செயலாளர்