புள்ளி உதிராத வாழ்த்து

செங்கோட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் எழுபதாவது பிறந்தநாளுக்கு நீ கையால் செய்து அனுப்பிய வாழ்த்து அட்டை, பிறந்தநாள் கழிந்து பதினோராம் நாள், சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் வந்து சேர்ந்தது. தபால்காரர் உறையைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்ததால் நனையவில்லை. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். நான் மட்டும் நாளுக்கு நாலு தடவை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய தொழில் புத்தியோடு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தீபாவளிக்கு அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் நீயே அட்டை செய்து கொடுக்கப்போவதாகவும், அட்டையை எழுத்து வடிவில் வெட்டும் டை என்கிற அச்சு தமிழில் எங்கும் கிடைக்காததால் ஆங்கிலத்திலேயே வெட்டிவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். வேண்டாம் அம்மா. முப்பத்தைந்து வருடம் கல்யாணப் பத்திரிகை அடித்த ஒருவனின் மகள் அப்படிச் செய்யவேண்டியதில்லை. தமிழ் எழுத்தை முத்திரையாகவும் குத்தலாம், ஸ்டென்சிலாகவும் வைக்கலாம், அட்டையில் வெட்டியும் ஒட்டலாம். ஆனால் இந்த மூன்றிலும் நம் எழுத்து மூன்று விதமாக நடந்துகொள்ளும். அதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் அட்டையும் வீணாகாது, பொறுமையும் போகாது.

அதற்கு முன்னால், வந்த அட்டையில் நான் கண்ட குறையைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மடிப்பின் முதுகில் சிவப்பு நிறம் வெடித்து, உள்ளே இருக்கும் வெள்ளை மயிரிழைபோலத் தெரிகிறது. உனக்குக் கை சரியில்லை என்று பொருளில்லை. அட்டையின் இழை ஓட்டத்துக்குக் குறுக்கே மடித்துவிட்டாய், அவ்வளவுதான். ஆலையில் காகிதம் ஓடும் போக்கிலேயே அதன் நார்கள் படிகின்றன. அட்டையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் இணங்கி வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். இணங்குகிற போக்கில்தான் மடிப்பு விழவேண்டும்.

இந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த விலை உனக்குத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன்னால், ஆரியங்காவுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு முந்நூறு பத்திரிகை அடிக்கவேண்டியிருந்தது. அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்டினால் ஒரு தாளுக்கு இரண்டு பத்திரிகை கூடுதலாகக் கிடைக்கிறது என்று கணக்குப் பார்த்து, பெரிய புத்திசாலியைப்போல அப்படியே வெட்டினேன். முந்நூறும் மடிப்பில் வெடித்தன. முகூர்த்தத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. முதலாளி ஒரு வார்த்தையும் பேசாமல் புது அட்டைக் கட்டை எடுத்துக் கொடுத்து, அதன் விலையை இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். ஆகவே 250 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள அட்டை வாங்கினால் முதலில் வளைத்துப் பார். பிறகு மொட்டை முனையுள்ள ஒரு கருவியால், ஸ்கேலை வைத்து இரண்டு முறை கோடு அழுத்திவிட்டு மடி. நாங்கள் டிரெடில் என்கிற, காலால் மிதித்து ஓட்டும் அச்சு மெஷினில் செய்ததும் இதுவேதான். பிளைவுட் பலகையில் வெட்டுக்கத்தியையும் மடிப்புக்கோட்டுப் பட்டையையும் சேர்த்தே பதிப்போம். கத்தி பட்டையைவிடச் சற்றே உயரமாக நிற்கும். அதனால் ஒரே அழுத்தத்தில் கத்தி வெட்டிவிடும், பட்டை பள்ளம் மட்டும் போடும். கத்திக்கு இரு பக்கமும் ஸ்பாஞ்சுத் துண்டு ஒட்டுவோம், வெட்டிய அட்டை கத்தியில் சிக்காமல் துள்ளி வெளியே வரவேண்டும் என்பதற்காக. உன் கைப்பிடி சுற்றும் மெஷினில் அந்த வேலையை மெழுகுக் காகிதம் செய்யும். டைக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு துண்டு வைத்துப் பார்.

மெஷினில் வெட்டினால் அதைக் கைவேலை என்று சொல்லலாமா என்று நீ கேட்டது எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் அச்சிட்டு விற்ற முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையே கல்லச்சில் அடித்து, பிறகு கையால் வண்ணம் தீட்டப்பட்டதுதான். அச்சும் கையும் அன்றிலிருந்தே கூட்டாளிகள். அந்தச் சந்தேகத்தை விட்டுவிடு.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். முத்திரைக்குப் பெரிய ரப்பர் அழிப்பான் போதும். எழுத்தைத் தலைகீழாக, இடவலம் மாற்றி வரையவேண்டுமே என்று பயப்படாதே. பட்டர் பேப்பரில் நேராக, மெத்தென்ற பென்சிலால் எழுது. அதைக் கவிழ்த்து ரப்பரின்மேல் வைத்து நகத்தால் தேய்த்தால், கரி ரப்பரில் ஒட்டி எழுத்து தானாகவே மாறி விழும். வெட்டும்போது கத்தி எழுத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சரியட்டும். எழுத்து ஒரு குன்றுபோல அடியில் அகன்று நிற்கவேண்டும். உள்ளே குடைந்துவிட்டால் நாலு முறை குத்தியதும் ஓரம் மடிந்து பிய்ந்துவிடும். வ, த, ள ஆகியவற்றின் சுழிக்குள்ளே இருக்கிற சின்னப் பள்ளத்தை முதலில் தோண்டிவிட்டு, பிறகு வெளிக்கோட்டுக்கு வா. ரப்பர் முழுதாக இருக்கும்போதுதான் சுழி உடையாமல் வரும். நான் ஈய எழுத்துக் கோத்துப் பழகியவன். கண்ணாடி எழுத்தை வாசிப்பது எனக்கு இன்றும் நேரெழுத்தை வாசிப்பதைவிட எளிது. உனக்கு அந்தப் பழக்கம் இல்லையென்றால் முதல் குத்தலை வெள்ளைத்தாளில் குத்திப் பார்த்துவிட்டு அட்டைக்குப் போ.

மையிலும் கவனம் வேண்டும். வழவழப்பான அட்டையில் சாதாரணச் சாய மை காயாமல் கையோடு வரும். மெதுவாகக் காயும் பிக்மென்ட் மையைக் குத்தி, ஈரம் போவதற்குள் எம்போஸ் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிக் கொட்டிவிட்டு, அட்டையின் அடிப்பக்கத்திலிருந்து சூடு காட்டினால், பவுடர் நெய் உருகுவதுபோல மினுங்கி ஒன்றுசேரும். மினுங்கின நொடியிலேயே சூட்டை எடுத்துவிடு. இன்னும் கொஞ்சம் என்று நினைத்தால் எழுத்து தட்டையாகிவிடும். கல்யாணப் பத்திரிகையில் விரலுக்குத் தட்டுப்படும் மேடெழுத்தைக் கொண்டுவர நாங்கள் செய்ததும் இதே வித்தைதான். மை குத்துவதற்கு முன்னாலேயே அட்டையை முகத்துக்குப் போடும் பவுடரால் மெல்ல ஒற்றித் துடைத்துவிட்டால், வேண்டாத இடத்தில் பொடி ஒட்டாது. இங்கே சாரல் காலத்தில் அட்டையே ஈரம் குடித்து வளைந்துவிடும். உங்கள் கால்கரியில் காற்று வறண்டது என்கிறாய், அங்கே உன் தொல்லை மடிப்பு வெடிப்பதாகத்தான் இருக்கும்.

ஸ்டென்சிலில் கதை வேறு. அங்கே எழுத்து என்பது ஓட்டை. வ என்ற எழுத்தை வெட்டினால் அதன் சுழிக்குள்ளே இருக்கும் சின்னத் தீவு பிடிமானம் இல்லாமல் விழுந்துவிடும். மிளகு மூட்டையிலும் ஏலக்காய் மூட்டையிலும் தகரத் தகடு வைத்து அடித்த எழுத்துகளை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். எழுத்து அங்கங்கே துண்டுபட்டிருக்கிறதே என்று கேட்டாய். அந்தத் துண்டு விழும் இடம்தான் பாலம். உள்ளே இருக்கும் தீவை வெளித்தகட்டோடு கட்டிப்போடும் பாலம். இரண்டு மில்லிமீட்டர் அகலம் போதும். எங்கே வைப்பது என்பதில்தான் கண் வேண்டும்: சுழியின் அடியில் வைத்தால் எழுத்து கெடாது, கோடு திரும்புகிற முனையில் வைத்தால் வ எது, ப எது என்று வாசிக்கிறவர் திணறுவார். நம் வீட்டு வாசலில் அம்மா வைத்த தகரக் கோல அச்சில் எல்லாம் புள்ளி ஓட்டைகளாகவே இருந்தன. அதனால் அதற்குப் பாலம் தேவைப்படவில்லை. மை ஒற்றும்போது தூரிகையில் மை ஏறக்குறைய இல்லை என்று தோன்றுமளவுக்குக் காகிதத்தில் தட்டிவிட்டு, செங்குத்தாகப் பிடித்து, தகட்டின்மேலிருந்து ஓட்டைக்குள் வா. இழுத்துத் தேய்த்தால் மை அடியில் புகுந்து எழுத்து வீங்கும்.

மூன்றாவது, வெட்டி ஒட்டுவது. இதில்தான் நம் எழுத்து மிகவும் படுத்தும். ஆங்கிலத்தில் கூட்டெழுத்தாக ஒரு சொல்லை எழுதினால் அது ஒரே துண்டாக வந்துவிடும். தமிழில் புள்ளி தனியாக உதிரும், துணைக்கால் தனியாக உதிரும், கொம்பு தனியாக நிற்கும். "வாழ்த்துகள்" என்று வெட்டினால் மூன்று புள்ளியும் ஒரு காலும் மேசைக்கடியில் தேடவேண்டிவரும். "வாழ்த்துக்கள்" என்று எழுதுகிறவர்களுக்கு நாலு புள்ளி. எது சரி என்று தமிழாசிரியர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். அச்செழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் என்ற முறையில் நான் என்றைக்கும் ஒரு புள்ளி குறைந்த பக்கம்தான். தீபாவளி என்ற சொல்லில் ஒரு புள்ளிகூட இல்லை என்பதைக் கவனித்தாயா? அந்தச் சொல்லில் தொடங்கு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு முன்னால், ணா, றா, னா ஆகியவை காலோடு ஒட்டிச் சுழித்து ஒரே துண்டாக இருந்த எழுத்துகள்; லை, னை போன்றவற்றுக்குத் தலையில் யானைத் துதிக்கை இருந்தது. பெரியார் 1935லேயே தம் குடிஅரசு இதழில் அவற்றை மாற்றி அச்சிடத் தொடங்கிவிட்டார். தனித்தனியாகப் பிரித்தால் ஈய எழுத்துப் பெட்டியில் அறைகள் குறையும். எங்களுக்கு அது பெரிய விடுதலை. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சிப் பக்கம் இருந்த ஊர் என்பதாலும், புனலூர்ப் பக்கத்து வாடிக்கை இருந்ததாலும் எங்கள் பிரஸ்ஸில் மலையாள எழுத்தும் வைத்திருந்தோம். கேரளத்திலும் 1971இல் இதே கதைதான். எழுத்தோடு ஒட்டியிருந்த உகரக் குறியைப் பிரித்துத் தனியாக வைத்தார்கள். அச்சுக்காரனுக்குப் பிரித்தால் லாபம், டை வெட்டுகிறவளுக்குச் சேர்த்தால் லாபம். கு, து ஆகியவை நல்லவேளையாக இன்னும் நம்மிடம் ஒட்டியே இருக்கின்றன. உன் அட்டைக்கு மட்டும் பழைய றாவையும் துதிக்கை லையையும் கொண்டுவரலாமே என்று எனக்கு ஆசைதான். பேத்திக்கு வாசிக்கத் தெரியாமல் போய்விடும் என்பதால் வற்புறுத்தவில்லை.

கணினியோடு இணைத்து வெட்டும் மெஷின் உன் தோழியிடம் இருப்பதாகச் சொன்னாய் அல்லவா? எழுத்தைத் தடிப்பாக எடுத்து, பக்கத்து எழுத்தோடு தோள் முட்டும்படி நெருக்கி, புள்ளியை எழுத்தின் தலையில் சொட்டுப்போல ஒட்டவைத்து, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிட்டு வெட்டினால் சொல் ஒரே துண்டாக வரும். அப்படிச் சேர்ப்பது அழகாக இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு; எனக்குப் பிடித்ததும் அதுதான். சொல்லை வெட்டி எடுத்தபின் ஓட்டைகளோடு மிஞ்சுகிற அட்டையைத் தூக்கி எறியாதே. அதை வாழ்த்து அட்டையின்மேல் சரியான இடத்தில் வைத்து, ஓரத்தில் லேசாக டேப் ஒட்டிக்கொள். ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் குண்டூசித் தலையளவு பசை தொட்டு, அதனதன் ஓட்டைக்குள் இறக்கு. புள்ளியை இடுக்கியால் எடுத்துப் போடு. காய்ந்தபின் மேலட்டையை உரித்தால், கால், கொம்பு, புள்ளி எல்லாம் இம்மியும் பிசகாமல் வரிசையில் நிற்கும்.

முத்துமணிகளைப் பற்றி அம்மாவும் ஒரு வார்த்தை எழுதச் சொன்னாள். ஏழில் இரண்டு உறைக்குள்ளேயே உதிர்ந்துவிட்டன. மற்றவை தபால் மெஷினின் உருளையில் நசுங்கி எதிர்ப்பக்கத்து அட்டையில் குழி போட்டிருக்கின்றன. கனடா தபாலில் சாதாரணக் கடிதத்தின் கனம் ஐந்து மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். மணியை நேரில் கொடுக்கும் அட்டைகளுக்கு வைத்துக்கொள். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மடித்தால் சி6 உறைக்குள் இறுக்கமில்லாமல் போகும்.

இந்தக் கடிதத்தோடு நான் வெட்டிய ரப்பர் முத்திரை ஒன்றை அனுப்புகிறேன். சொல் "வாழ்த்துகள்". கை முன்போல நிற்கவில்லை. ள் எழுத்தின் புள்ளி கடைசி வெட்டில் சிதறிவிட்டது. மற்ற இரண்டும் நன்றாக இருப்பதால் திரும்ப வெட்ட மனம் வரவில்லை. பேனா ரீஃபிளின் அடிமுனையை மையில் தொட்டு அந்த இடத்தில் ஒரு முறை ஒற்று. அளவு பொருந்துகிறதா என்று நான் இங்கே பார்த்துவிட்டேன், பொருந்துகிறது. அந்தப் புள்ளியைப் பேத்தி வைக்கட்டும்.

அன்புடன்,
அப்பா